வீட்டில் படுக்கையில் இருப்பவருக்குப் போட்ட சிறுநீர்க் குழாயை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவைக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், எப்போது மாற்றுவது என்று யாரும் சொல்லவில்லை என எழுதியிருக்கிறீர்கள். என் மாமனாரை அப்படி வைத்துப் பார்த்துக்கொண்டவன் நான். மருத்துவர் அல்ல.

எந்தக் குழாய் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லேடெக்ஸ் ரப்பர் என்றால் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம். முழு சிலிக்கான் என்றால் 12 வாரம் வரை. சிலிக்கான் பூசிய லேடெக்ஸை முழு சிலிக்கான் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆனால் இது உச்ச வரம்புதான். சிலருக்குப் புரோட்டியஸ் போன்ற கிருமிகள் சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்டுவதால், குழாய் நுனியில் உப்புப் படிந்து முன்கூட்டியே அடைத்துக்கொள்ளும். பையில் சிறுநீர் இறங்காமல் குழாயைச் சுற்றி ஒழுகினாலோ, அடிவயிறு உப்பினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு அடைப்பின் தேதியையும் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று முறையிலேயே அப்பாவுக்கு எத்தனை நாள் தாங்குகிறது என்பது பிடிபடும்; அதற்குச் சற்று முன்பே மாற்றச் சொல்லலாம்.

உள்ளே சுமார் 10 மி.லி. நீர் நிரப்பிய சிறு பலூன்தான் குழாயை நழுவாமல் பிடித்திருக்கிறது. அந்த நீரைச் சிரிஞ்சால் எடுக்காமல் குழாயை இழுத்தால் சிறுநீர்ப்பாதை கிழிந்து ரத்தம் கொட்டும். புரண்டு படுக்கும்போதும் இழுபடாதபடி தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுங்கள்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது பையை மடியில் வைப்பார்கள். அப்படி வைத்தால் பைக்குள் தேங்கியது திரும்ப உள்ளே போய்விடும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் கை கழுவிவிட்டுக் காலி செய்யுங்கள். இணைப்பைத் தேவையின்றிக் கழற்ற வேண்டாம். குழாய் நுழையும் இடத்தைத் தினமும் கழுவ சோப்பும் தண்ணீரும் போதும், டெட்டால் வேண்டாம். கழுவிய பின் முன்தோலைப் பழையபடி முன்னால் இழுத்துவிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் இறுகி வீங்கிவிடும்.

சிறுநீர் கலங்கினாலோ நாறினாலோ நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் குழாய் இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். காய்ச்சல், குளிர் நடுக்கம், திடீர்க் குழப்பம் வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். அப்போது பழைய குழாயை மாற்றிப் புதியதிலிருந்து பரிசோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு முறை மாற்றும்போதும் "இனி இது தேவையா, எடுத்துப் பார்க்கலாமா?" என்று கட்டாயம் கேளுங்கள். சிறுநீர் தானாகப் போகிறது, அடக்கத்தான் முடியவில்லை என்றால், ஆண்களுக்கு வெளியே மாட்டும் ஆணுறை வகைக் குழாயே போதுமானதாக இருக்கலாம்.