டர்போ காருக்கு ஆயில் கேட்ச் கேன்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

தண்டையார்பேட்டையில் டர்போ பெட்ரோல் கார் ஓட்டுபவர், ஆயில் கேட்ச் கேன் (இன்ஜின் புகையிலுள்ள எண்ணெயைப் பிடித்து வைக்கும் டப்பா) போடுவது பற்றிக் கேட்டிருக்கிறார். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் என்றால் அவசியம் போடுங்கள். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் காற்று நுழையும் இன்டேக் வால்வைக் கழுவ எதுவும் இல்லை. கிராங்க்கேஸிலிருந்து (இன்ஜினின் அடிப்பகுதி) வரும் எண்ணெய்ப் புகை அதன்மேல் கரியாகப் படியும்.

வாங்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே எண்ணெயைப் பிரிக்கும் தடுப்புத் தகடோ கம்பி வலையோ இல்லாத வெறும் டப்பா வேண்டவே வேண்டாம்.

பிசிவி வால்வுக்கும் (அந்தப் புகையை வெளியே விடும் வால்வு) இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) நடுவே, டர்போ சூட்டிலிருந்து தள்ளி கேனை இறுக்குங்கள். ஹோஸ் எண்ணெய் தாங்க வேண்டும். சாதாரண ரப்பர் ஊறி உப்பி, வேக்யூமில் சப்பிப்போகும். அப்புறம் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி சீல் கசியும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தால், கேனில் எண்ணெயோடு ஈரமும் சேர்ந்து பால் டீ நிறத்தில் திரளும். அடிக்கடி வடியுங்கள். தயவுசெய்து பக்கிங்ஹாம் கால்வாயில் ஊற்றாமல், பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.