கணினிக் கேள்வி பதில்: இலவசமாக வந்த நிரலுக்கு நிறுவனங்கள் திருப்பித் தருவது என்ன?

பழைய வட ஆர்க்காடு மாவட்டப் பகுதிகளிலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் இடம் தரும் திறந்த மூல மென்பொருளைப் பற்றியவை.

கேள்வி: சத்துவாச்சாரியில் நாற்பது பேர் பணிபுரியும் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்காக, திறந்த மூல இருப்புக் கணக்கு மென்பொருள் ஒன்றை மாற்றியமைத்துத் தருகிறோம். அதன் புதிய பதிப்பு வரும்போதெல்லாம், எங்கள் மாற்றங்களை மீண்டும் பொருத்தவே இரண்டு வாரங்கள் போய்விடுகின்றன. திருத்தங்களை அதை உருவாக்கியவர்களுக்கே அனுப்பிவிடலாம் என்றேன். "நம் உழைப்பைப் போட்டியாளருக்கு ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்?" என்கிறார் மேலாளர். நான் சொல்வது தவறா?
(வாசகி, வேலூர்)

பதில்: தவறில்லை. மேலாளரின் அச்சத்திலும் நியாயம் உண்டு என்பதால், முதலில் உங்கள் மாற்றங்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். தோலை எண்ணிக்கையிலும் சதுர அடியிலும் ஒருசேரக் கணக்கிட வேண்டியிருக்கும். அதற்காக நீங்கள் சேர்த்த வசதி துணி வணிகருக்கும் தரை ஓடு விற்பவருக்கும் பயன்படும் பொது வசதி. அதை மறைத்து வைப்பதால் உங்களுக்கு ஆதாயம் எதுவும் இல்லை. வாடிக்கையாளரின் விலைப் பட்டியல், பதனிடும் முறைக் குறிப்புகள் போன்றவையோ உங்களிடமே இருக்க வேண்டியவை. அவற்றைத் தனிக்கூறாக எழுதி வைத்துக்கொண்டால் வெளியே அனுப்பும் தேவையே எழாது.

பொதுத் திருத்தம் ஏற்கப்பட்டுவிட்டால் அடுத்த பதிப்பு அதையும் சுமந்துகொண்டே வரும். அந்த இரண்டு வாரங்களில் பெரும்பகுதி உங்களுக்கு மிஞ்சும். பாலாற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி நீர் பாய்ச்சிய நம் ஊர்களில், பாசனத்துக்கு முன் ஊரார் கூடி அதைத் தூர்வாருவது வழக்கமாக இருந்தது. ஊற்றுக்கால் தொடங்கும் இடத்தில் மணல் மூடிக் கிடக்கும்போது தன் வயலருகே மட்டும் வாய்க்காலை வெட்டியவருக்கு நீர் வந்ததில்லை. மென்பொருளிலும் இப்படித்தான்: கணினிச் சில்லுகள் செய்யும் இன்டெல்லும் ஏஎம்டியும் சந்தையில் நேரடிப் போட்டியாளர்கள். ஆயினும் இரண்டின் பொறியாளர்களும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான ஒரே லினக்ஸ் கர்னலுக்கு நிரல் எழுதி அனுப்புகிறார்கள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு இன்று வரும் நிரலில் பெரும்பகுதி, நிறுவனங்களிடம் சம்பளம் பெறுவோர் எழுதுவதுதான்.

இதைவிடக் கடினமான பகுதி அலுவலகத்துக்குள் இருக்கிறது. நீங்கள் அனுப்பும் முதல் திருத்தம் பெரும்பாலும் அப்படியே ஏற்கப்படாது. சிக்கலை விளக்குங்கள், சோதனை நிரலைச் சேர்த்து அனுப்புங்கள், ஒரே பெரிய மாற்றத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரியுங்கள் என்று முகமறியாத ஒருவர் எல்லோரும் படிக்கும்படி எழுதுவார். மூத்தவர் எழுதிய நிரலில் இளையவர் பிழை காட்டுவதை மரியாதைக் குறைவாக எண்ணும் இடங்களில் இது முதலில் வலிக்கும். நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் மூன்று ஆண்டு மாற்றங்களை ஒருவர் மட்டுமே அறிந்திருந்தார். அவர் விலகிச் சென்றதும், எதை எதற்காக மாற்றினோம் என்று சொல்ல ஆளில்லாமல், பழைய பதிப்பிலேயே நாங்கள் தங்கிவிட்டோம். அந்த மாற்றங்கள் அவ்வப்போது பொதுவில் விவாதிக்கப்பட்டிருந்தால் காரணங்களும் எழுத்தில் நின்றிருக்கும்.

ஆகவே வெளியே அனுப்பும் முன் உள்ளேயே பழகுங்கள். ஒரு குழுவின் நிரலை மற்றக் குழுவினர் பார்க்கவும் திருத்தம் அனுப்பவும் இடம் தருகின்ற இம்முறைக்கு 2000ஆம் ஆண்டில் கணினி நூல் பதிப்பாளர் டிம் ஓ'ரெய்லி 'இன்னர் சோர்ஸ்' என்று பெயரிட்டார். மேலாளரையும் அந்த விவாதங்களில் சேர்த்துக்கொள்ளுங்கள்; கண்ணால் பார்த்த பிறகு அச்சம் குறையும். இன்னொன்று: பணியின்போது எழுதிய நிரலின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நிறுவனத்துக்கே உரியது. எனவே எழுத்துமூலம் அனுமதி பெறாமல் எதையும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: காலணி ஏற்றுமதி செய்கிறோம். எங்கள் சர்வர்கள் அனைத்திலும் திறந்த மூல மென்பொருள்தான். இலவசப் பொருளில் கோளாறு வந்தால் யாரைப் பிடிப்பது?
(வாசகர், ஆம்பூர்)

பதில்: யாரையும் பிடிக்க முடியாது, உரிமத்திலேயே உத்தரவாதம் கிடையாது என்று எழுதியிருக்கும். 2014இல், இணையத் தகவல் பரிமாற்றத்தை மறையாக்கிப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பிழை வெளிப்பட்டபோது, உலகின் பெரும் வங்கிகளும் இணைய நிறுவனங்களும் நம்பியிருந்த அந்த நிரலை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே பராமரித்து வந்தார்கள் என்பதும், அதற்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் மட்டுமே நன்கொடையாக வந்தது என்பதும் தெரியவந்தன. எடுத்துக்கொண்டவர் எண்ணிலர், கொடுத்தவர் மிகச் சிலர். கூகுள், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் உள்ளிட்டவை அதன் பிறகே லினக்ஸ் பவுண்டேஷன் வழியாகப் பொது நிதி திரட்டின.

நீங்கள் செய்யக்கூடியது இது: எந்தெந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பட்டியல் வைத்திருங்கள்; பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அதை நிறுவும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்; தொழிலே நிற்கக்கூடிய இடங்களுக்குக் கட்டண ஆதரவு வாங்குங்கள். உரிமக் கட்டணத்தில் மிச்சமான தொகையில் ஒரு பங்கை, நீங்கள் நம்பியிருக்கும் திட்டங்களுக்கு ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: தோல் பதனிடும் டிரம்களுக்கான கட்டுப்பாட்டுக் கருவி செய்து விற்கிறோம். உள்ளே லினக்ஸ் இருக்கிறது. எங்கள் நிரல் முழுவதையும் வெளியிட வேண்டியிருக்குமா?
(வாசகர், இராணிப்பேட்டை)

பதில்: முழுவதையும் அல்ல. லினக்ஸ் கர்னல், மென்பொருளைப் பிறருக்குத் தரும்போது மூல நிரலையும் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் உள்ளது. கருவியை விற்கும்போது, அதிலுள்ள கர்னலின் மூல நிரலை உங்கள் மாற்றங்களோடு சேர்த்து வாங்குபவருக்குத் தர வேண்டும். அல்லது கேட்டால் தருவதாகக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்துறுதியாவது தர வேண்டும். அதன்மேல் தனியாக ஓடும் உங்கள் பயன்பாட்டு நிரலுக்கு இந்தக் கடமை இல்லை. நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படுத்தினாலும் கடமை இல்லை. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்னும் ரவுட்டரில் லினக்ஸ் இருப்பது 2003இல் தெரியவந்து, வற்புறுத்தலுக்குப் பின் மூல நிரல் வெளியிடப்பட்டது. ரவுட்டர்களுக்கான 'ஓப்பன்டபிள்யூஆர்டி' என்ற திறந்த மூல மென்பொருள் திட்டம் பிறந்தது அதிலிருந்துதான். அந்த ரவுட்டரும் பல ஆண்டுகள் நன்றாகவே விற்றது.

கேள்வி: நிரல் எழுதத் தெரியாதவர் இதில் பங்கேற்க முடியுமா?
(கல்லூரி மாணவி, குடியாத்தம்)

பதில்: தாராளமாக. ஆவணங்களும் கணக்குத் தாள்களும் தயாரிக்க உதவும் திறந்த மூல மென்பொருளான லிப்ரே ஆபிஸின் தமிழ்ப் பதிப்பைத் திறந்து, எந்தச் சொல் வாசகருக்கு விளங்கவில்லை என்று பாருங்கள். அதன் மொழிபெயர்ப்பு 'வெப்லேட்' தளத்தில் நடக்கிறது. கணக்குத் தொடங்கி, ஒரு சொல்லுக்கு மாற்றுப் பரிந்துரைத்து, அதை ஏன் மாற்ற வேண்டும் என்று இரண்டு வரியில் காரணமும் எழுதி அனுப்புங்கள்.