வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவை மாத பட்ஜெட்டில் எப்படிச் சேர்ப்பது?

இதை ஒதுக்குப் பணம் என்று சொல்லலாம். எப்போது வரும், ஏறக்குறைய எவ்வளவு ஆகும் என்று முன்பே தெரிந்த செலவை 12 ஆகப் பிரித்து மாதா மாதம் தனியாக எடுத்து வைப்பது, அவ்வளவுதான்.

பள்ளிக் கட்டணம் 18,000, தீபாவளி 9,000, வண்டி இன்சூரன்ஸும் வீட்டு வரியும் சேர்த்து 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 30,000, மாதம் 2,500. சம்பளம் மாதா மாதம் ஒரே அளவில் வருகிறது, செலவு அப்படி வருவதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது பலர் நகையை அடகு வைப்பது வருமானம் போதாமல் மட்டும் அல்ல, இந்த இடைவெளியாலும்தான்.

நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக் குளங்களைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி, மழை நின்ற பிறகு பிசானப் பருவத்து நெற்பயிருக்கு மடை திறந்து விடுகிறோம். (பணத்தில் வரத்து சீராக இருக்கும், தேவைதான் ஒரேயடியாக வரும். தேக்குவது மட்டும் ஒன்றுதான்.)

சரி, எங்கே வைப்பது? வங்கியில் 12 மாத ஆர்.டி. (மாதா மாதம் ஒரே தொகையைக் கட்டும் தொடர் வைப்பு) போதும். அஞ்சலக ஆர்.டி. 5 வருஷத்துக்கானது, இதற்குச் சரிப்படாது.

அப்புறம், இதையே அவசரச் சேமிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, சொல்லாமல் வரும் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தனியாகத்தான் வைக்க வேண்டும்.