இறுதிக்காலப் பராமரிப்பும் ஊர்க் கடைகளும்: கேள்வி பதில்

தீராத நோயுடன் இருப்போரைப் பராமரிக்கும் வன்னித் தொண்டு நிலையமொன்றின் கணக்குகளைக் கவனித்துவரும் ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர், வர்த்தகர்கள் கேட்ட கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

பரந்தன், பலசரக்கு வணிகர்: ஐயா, நோய் மாறாது என்று வைத்தியரே கூறிய பின்னர் பணம் கொடுத்து என்ன பயன் என்று என் பங்காளி கேட்கிறார்.

நோய் மாறாவிட்டாலும் வலியைத் தணிக்கலாம். புற்றுநோயாளருள் பெரும்பாலானோரின் வலியை, வைத்தியரின் மேற்பார்வையில் வாயால் கொடுக்கப்படும் மோர்பின் கட்டுப்படுத்தும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் சென்று சிகிச்சை பெற்றுத் திரும்பும் மல்லாவி நோயாளி ஒருவர், எஞ்சிய நாட்களை வீட்டில்தான் கழிக்கிறார். அங்கே புண்ணைத் துடைக்கவும், புரட்டிப் படுக்க வைக்கவும், இரவில் மூச்சுத் திணறினால் யாரை அழைப்பது என்று குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் வேண்டும். 2009 இல் முடிந்த போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையில் வாழ்வோரும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதைப் பங்காளிக்கு நினைவூட்டுங்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டினார்கள். கேரளத்தின் மலப்புறத்தில் இப்பராமரிப்பைப் பெரும்பாலும் தாங்கி நிற்பவை ஊராரின் சிறு நன்கொடைகளே. வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பெருந்தொகையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு.

முள்ளியவளை, அரிசி ஆலை உரிமையாளர்: எனக்குக் கையில் காசு புரள்வது காலபோக அறுவடைக்குப் பின்னர்தான். மாதாமாதம் எப்படிக் கொடுப்பது?

காசாகக் கொடுக்க வேண்டியதில்லை. உழைப்பவரே படுத்துவிட்ட வீட்டில் முதலில் குறைவது அரிசிதான். ஒரே நாளில் இருபது மூடைகளை இறக்கிவிட்டுப் போனால் எங்கள் களஞ்சிய அறையில் வண்டு விழுந்துவிடும். அதைவிட, அறுவடை முடிந்ததும் ஆண்டுக்கான அளவை உங்கள் ஆலைக் கொப்பியில் நிலையத்தின் பெயரில் எழுதிவிட்டு, நெல்லாக வைத்திருந்து, மாதத்துக்கு ஒரு மூடையாகக் குற்றிக் கொடுப்பது மேல். தவிட்டையும் உமியையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்!

வவுனியா, மருந்தக உரிமையாளர்: மோர்பினை நன்கொடையாக வழங்க முடியுமா?

முடியாது, அது சட்டக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து. வைத்தியரின் சீட்டுக்கே வழங்கப்பட வேண்டும். உங்களால் தரக்கூடியவை வேறு: கையுறை, மருந்துத் துணி, முதியோருக்கான பம்பஸ், படுக்கைப்புண்ணைத் தவிர்க்கும் காற்று மெத்தை. புற்றுநோய்ப் புண் நாற்றமெடுக்கும்போது, வைத்தியரின் அறிவுறுத்தலுடன் மெற்றோனிடசோல் குளிசையைத் தூளாக்கி அப்புண்ணில் இடுவதுண்டு. நாற்றத்துக்கு அஞ்சிக் கதவோரம் நின்ற பேரப்பிள்ளைகள் கட்டிலருகே வந்து அமர்வதற்கு இந்த மலிவான குளிசை போதுமானதாக இருந்ததைக் கண்டிருக்கிறேன். எந்தப் பொருளைத் தருவதானாலும் காலாவதித் திகதியைப் பாருங்கள். விற்காமல் தேங்கியதைத் தருவது தானமாகாது.

மாங்குளம், முச்சக்கர வண்டிச் சாரதி: எங்களிடம் ஓட்டம்தான் இருக்கிறது.

அதுவே போதும், தம்பி. கிளினிக் நாட்களில் நோயாளியை ஏ9 வீதியில் பஸ் நிறுத்தம் வரையோ வைத்தியசாலை வரையோ ஏற்றிச் செல்லுங்கள். எரிபொருட் செலவை நிலையம் தரும், அதை மறுக்காதீர்கள். கைக்காசு கரைந்தால் மூன்றாம் மாதம் நீங்களே நின்றுவிடுவீர்கள்.

புதுக்குடியிருப்பு, தொலைபேசிக் கடை உரிமையாளர்: நாங்கள் மெத்தை கொடுப்பதைப் படம் பிடித்து முகநூலில் போடலாமா?

மெத்தையைப் போடுங்கள், கடையின் பெயரையும் போடுங்கள். நோயாளியின் முகத்தைப் போடாதீர்கள். மெலிந்து, எழ முடியாத நிலையில் இருப்பவர் "வேண்டாம்" என்று சொல்லத் தயங்குவார், ஏனெனில் மெத்தை உங்கள் கையில் இருக்கிறது. இதில் நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கிளிநொச்சி, வன்பொருள் வணிகர்: வரிச் சலுகை கிடைக்குமா? கடையில் வைக்கும் உண்டியலுக்கு யார் பொறுப்பு?

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட அறநிலையத்துக்குப் பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்கே சலுகை அளிக்கிறது. பதிவு பெற்ற நிலையங்கள் அனைத்தும் அந்த அங்கீகாரம் பெற்றவை அல்ல என்பதால் கணக்காளரிடம் முதலில் கேளுங்கள். உண்டியலின் திறப்பு நிலையத்திடம் இருக்கும். பெட்டி உங்கள் மேசையில் இருக்கும். இருவர் வந்து உங்கள் முன்னிலையில் திறந்து, எண்ணி, அங்கேயே பற்றுச்சீட்டு எழுதித் தர வேண்டும். தனியாக ஒருவர் வந்து பெட்டியைத் தூக்கிச் செல்லக் கேட்டால் கொடுக்காதீர்கள், அவர் நானாக இருந்தாலும்.