பெட்டியும் இல்லை, பில்லும் வெளுத்துவிட்டது: போன் திருட்டுப் புகாரை வாங்க மறுக்கலாமா?

கேள்வி: ஆண்டிபட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் துணி எடுக்க மதுரை போனபோது, பஸ்ஸில் கைப்பையைப் பிளேடால் கிழித்து போனை எடுத்துவிட்டார்கள். ஆரப்பாளையத்தில் இறங்கிய பிறகுதான் பார்த்தேன். 2023 தீபாவளிக்கு 18,500 ரூபாய் கொடுத்து வாங்கிய போன். காவல் நிலையத்தில், ஐ.எம்.இ.ஐ. நம்பர் இல்லாமல் புகார் வாங்க முடியாது, பஸ் எந்த ஊரில் வரும்போது திருடு போனதோ அங்கே போங்கள் என்றார்கள். பெட்டியைப் போகிக்கு ஒதுங்க வைக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். பில் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. வாரண்டி அட்டையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சீரியல் நம்பர் மட்டும் இருக்கிறது. அது போதுமா? "தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், ரசீது தருகிறோம்" என்கிறார் ஏட்டு. அப்படிக் கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள், சகோதரி. பையைக் கிழித்து எடுத்திருக்கிறார்கள், அது திருட்டு. 'தொலைந்துவிட்டது' என்று உங்கள் கையால் எழுதிக் கொடுத்தால், அங்கே குற்றமே நடக்கவில்லை என்று நீங்களே சொன்னதாகிவிடும். மனு வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு விஷயம் முடிந்துவிடும். நாளைக்கு அந்த போன் யாரிடமாவது கிடைத்து வழக்கு வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது உங்கள் அந்தக் கடிதத்தைத்தான். கிழிந்த பையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது சாட்சியம்.

புகாரில் போனின் விலையைக் கட்டாயம் எழுதுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 303-ஆம் பிரிவுப்படி திருட்டுக்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஆனால் திருடு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், அதை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாத குற்றமாகப் புதிய நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை வைத்திருக்கிறது. 'பழைய போன் ஒன்று' என்று அடக்கமாக எழுதினால் நஷ்டம் உங்களுக்குத்தான். வாங்கிய மாதம், கொடுத்த விலை, இன்றைக்கு விற்றால் என்ன வரும் என்ற மூன்றையும் எழுதுங்கள்.

சரி, நம்பர் விஷயத்துக்கு வருவோம். சீரியல் நம்பரும் ஐ.எம்.இ.ஐ.யும் ஒன்றல்ல. சீரியல் நம்பர் என்பது போனைத் தயாரித்த கம்பெனி தன் கணக்குக்காகப் போட்டுக்கொள்வது. வாரண்டிக்கும் சர்வீசுக்கும் உதவும். ஐ.எம்.இ.ஐ. என்பது செல்போன் நெட்வொர்க் உங்கள் கருவியை அடையாளம் காணும் எண். 15 இலக்கம், எழுத்தே கலக்காது. இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு எண் இருக்கும், இரண்டுமே வேண்டும். (என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதை 'ஈ.எம்.ஐ. நம்பர்' என்றுதான் சொல்கிறார்கள். தவணை கட்டி வாங்கிய போனென்றால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கடன் கொடுத்த நிறுவனத்தின் காகிதத்தில் பெரும்பாலும் இந்த எண் இருக்கும்.)

போன் கையில் இருந்தால் *#06# என்று அழுத்தினால் போதும், திரையில் வந்துவிடும். இல்லாதபோது என்ன செய்வது? வாங்கிய கடைக்குப் போங்கள். உங்கள் பில் வெளுத்துப்போனது சூட்டில் அச்சாகும் தாள் என்பதால். கடைக்காரரின் கணக்கு வெளுக்காது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2023 தீபாவளி பில் என்றால் 2030 முடியும் வரை அவரிடம் இருந்தாக வேண்டும். 'பழசெல்லாம் இல்லைங்க' என்று சொன்னால் இதை மெதுவாக ஞாபகப்படுத்துங்கள். மறு பிரதி எடுத்து, கடை முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி உங்கள் ஜிமெயில். வேறு போனிலோ கம்ப்யூட்டரிலோ அதே கணக்கில் நுழைந்து, கூகுளின் 'ஃபைண்ட் ஹப்' பக்கத்தில் உங்கள் போனின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆங்கில 'i' குறியைத் தொட்டால் ஐ.எம்.இ.ஐ. தெரியும். அவசரப்பட்டு அங்கே இருக்கும் 'அழி' பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள்; அழித்துவிட்டால் அதன்பிறகு போன் எங்கே இருக்கிறதென்று அதில் பார்க்க முடியாது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் கணக்கின் கருவிகள் பட்டியலில் சீரியல் நம்பரும் ஐ.எம்.இ.ஐ.யும் சேர்ந்தே கிடைக்கும்.

இத்தனையும் செய்து எண் கிடைக்கவில்லை என்றாலும் புகார் நிற்கும். மேலே சொன்ன புதிய நடைமுறைச் சட்டமான 2023-ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவில், ஐ.எம்.இ.ஐ. இருந்தால்தான் முதல் தகவல் அறிக்கை என்று ஒரு வரியும் கிடையாது. உண்மையில் அந்த எண்ணை எடுக்க உங்களைவிடப் போலீசுக்குத்தான் வசதி அதிகம். உங்கள் சிம் எந்தக் கருவியில் ஓடியது என்பது செல்போன் நிறுவனத்தின் அழைப்பு விவரப் பதிவில் இருக்கிறது. அதே சட்டத்தின் 94-ஆம் பிரிவில் போலீஸ் கேட்டால் அவர்கள் கொடுத்தாக வேண்டும். வாரண்டி அட்டையில் உள்ள சீரியல் நம்பரை வைத்துத் தயாரிப்பு நிறுவனத்திடமும் கேட்கலாம். ஆகவே அந்த அட்டையின் நகலைப் புகாரோடு இணையுங்கள், 'என் செல்போன் நிறுவனத்திடமிருந்து ஐ.எம்.இ.ஐ. பெற்று விசாரிக்க வேண்டுகிறேன்' என்று ஒரு வரியும் சேருங்கள்.

எல்லைப் பிரச்சினையும் அப்படித்தான். உசிலம்பட்டியில் எடுத்தார்களா, செக்கானூரணியில் எடுத்தார்களா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று அதே 173 சொல்கிறது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தப் போலீசுக்கு இப்போது இடம் இருக்கிறது. திருட்டும் அதில் வரும். அதற்காகப் புகாரையே கையில் வாங்காமல் திருப்பி அனுப்ப முடியாது. மறுத்தால், அதே புகாரை மாநகரக் காவல் ஆணையருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் நடவடிக்கை இல்லையென்றால் மேஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

இதற்கிடையில் டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுங்கள். மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனை முடக்க அந்த நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும். புது சிம்மில் எஸ்.எம்.எஸ். வர 24 மணி நேரம் ஆகலாம். வரவில்லை என்று பதற வேண்டாம். புகாரின் நகலைப் பதிவேற்றி, ஐ.எம்.இ.ஐ.யைக் கொடுத்தால் ஒரு நாளுக்குள் அந்தக் கருவி இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. வேறு சிம் போட்டுப் பயன்படுத்தப் பார்த்தால் தகவல் போலீசுக்குப் போகும். திருடர்கள் ஐ.எம்.இ.ஐ.யையே மாற்றுவதும் உண்டு. மாற்றினால் 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் 42-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எண்ணைக் கையால் எழுதும்போது மட்டும் கவனம். என்னிடம் வந்த ஒருவர் புகாரில் 7-ஐ 1 மாதிரி எழுதியிருந்தார். போன் கிடைத்தது, ஆனால் புகாரில் உள்ள எண்ணும் கைப்பற்றிய போனின் எண்ணும் ஒத்துப்போகவில்லை. தன் போனைத் தன் போன் என்று நிரூபிக்க அந்த மனிதருக்கு மூன்று வாய்தா ஆனது. ஐ.எம்.இ.ஐ.யின் கடைசி இலக்கம் முந்தைய 14 இலக்கங்களிலிருந்து கணக்குப் போட்டு வருவது; ஓர் இலக்கம் தப்பினாலும் கணக்கு இடிக்கும். நாலு நாலாகப் பிரித்து, யாரையாவது வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். சில போன்களில் எண்ணுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு 01 என்று வரும், அதைச் சேர்க்க வேண்டாம்.

போன் கிடைத்தால் போலீஸ் அதை நீதிமன்றத்தில் தெரிவிக்கும். வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதே நடைமுறைச் சட்டத்தின் 503 அல்லது 497-ஆம் பிரிவில் மனு போட்டு, பில்லைக் காட்டி, உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கைப்பற்றிய பொருட்களை நிலையத்தில் தேவையில்லாமல் கிடப்பில் போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே சொல்லியிருக்கிறது. வாங்கிய பிறகு போனில் சிக்னல் வராது, முடக்கியதே நீங்கள்தானே. சஞ்சார் சாத்தியில் முடக்கும்போது கிடைத்த கோரிக்கை எண்ணைக் கொடுத்தால்தான் திறக்க முடியும். அதைக் கடை அளவு நோட்டின் பின்பக்கத்தில் இப்போதே எழுதி வையுங்கள்.