மலைக்கு வந்ததும் மூச்சு வாங்கும் படகு எஞ்சின்: உயரத்தின் குறையா, எஞ்சினின் குறையா?

வாசகர் கேள்வி: உதகைக்கு அருகே, ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், தேயிலைத் தோட்டத்தில் விருந்தினர் விடுதி நடத்துகிறேன். தோட்டத்து நீர்த்தேக்கத்தில் விடுவதற்காக, 9.9 குதிரைத்திறன் கொண்ட இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினுடன் ஒரு பழைய ஃபைபர் படகைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒருவரிடம் வாங்கினேன். அணை நீரில் மட்டுமே ஓடிய படகு என்றார். அங்கே காயலில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாகவே ஓடியது. இங்கே வந்தபின் கரும்புகை கக்குகிறது. நான்கு பேர் ஏறினால் பாதி வேகத்தைத் தாண்ட மறுக்கிறது. குளிர்நீர் வெளியேறும் துளையிலிருந்து நூல் போலத்தான் தண்ணீர் வருகிறது. உள்ளூர் மெக்கானிக் காம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் நெருக்கப்படும் காற்றின் அழுத்தம்) பார்த்துவிட்டு, 120 இருக்க வேண்டிய இடத்தில் 90, 88 என்றுதான் காட்டுகிறது, ரிங் போய்விட்டது, ரீபோர் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சரிசெய்வது) செய்ய வேண்டும் என்கிறார். செய்யலாமா? விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: ரீபோருக்கு இப்போது சம்மதிக்காதீர்கள். உங்கள் மெக்கானிக் அளந்த எண்கள் சரியானவை. அவற்றைச் சமவெளிக் கணக்கோடு ஒப்பிட்டதுதான் பிழை. காம்ப்ரஷன் மானி காட்டுவது, சிலிண்டர் உள்ளிழுத்த காற்றை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதைப் பொறுத்தது; உள்ளிழுக்கும் காற்றே மெலிந்திருந்தால் நெருக்கிய பின்னும் அழுத்தம் குறைவாகத்தான் இருக்கும். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 77 விழுக்காடுதான். ஆகவே உங்கள் 90ஐ 0.77ஆல் வகுத்தால் 117 வருகிறது, 88க்கு 114. கடற்கரையில் 120 காட்ட வேண்டிய எஞ்சினுக்கு இது நல்ல உடல்நிலை. அதைவிட முக்கியமானது, இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே இரண்டே புள்ளிதான் வேறுபாடு என்பது. ரிங்கோ போரோ தேய்ந்த எஞ்சினில் ஒரு சிலிண்டர் மற்றொன்றைவிடப் பத்துப் பதினைந்து விழுக்காடு தாழ்ந்திருப்பதே வழக்கம்.

இருந்தாலும் அளவை ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள். கீழே சொல்லும் குளிர்நீர்க் கோளாறைச் சரிசெய்துவிட்டு, எஞ்சினைச் சூடேற்றிய பின், இரண்டு பிளக்குகளையும் கழற்றி, அவற்றின் வயர்களை எஞ்சின் உடலோடு இணைத்து, திராட்டிலை (காற்று நுழையும் வழியைத் திறந்து மூடும் தகடு) முழுமையாகத் திறந்து வைத்துக்கொண்டு, முள் இனி ஏறாது என்னும்வரை ஸ்டார்டர் கயிற்றை ஐந்தாறு முறை இழுக்க வேண்டும். திராட்டில் மூடியிருந்தால் நல்ல எஞ்சினும் நோயாளியாகத் தெரியும். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. பணம் கொடுத்து வாங்கியதைத் தாராளமாகப் பார்க்கலாம். கொடைக்கானல் மேல்மலையில் ஒரு பெட்ரோல் பம்புசெட்டுக்கு, பல ஆண்டுகளுக்கு முன், இதே கணக்கை மறந்து நானே ரிங் மாற்ற வைத்திருக்கிறேன். செலவு விவசாயிக்கு, வெட்கம் எனக்கு; கடைசியில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைப் பாகமான ஜெட்டை மாற்றியதும்தான் அது ஓடியது.

கரும்புகைக்கும் வேகக் குறைவுக்கும் விடை அந்த ஜெட்டில்தான் இருக்கிறது. கார்ப்புரேட்டர் தனக்குள் வரும் காற்றின் அடர்த்தியை அறியாது. கடல் மட்டத்துக்காகத் துளையிட்ட ஜெட் இங்கேயும் ஏறக்குறைய அதே அளவு பெட்ரோலை விடுகிறது. காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்தால் பிளக் கறுத்து ஈரமாகும், கரும்புகை வரும், திராட்டிலைத் திறக்கத் திறக்க எஞ்சின் திணறும். உங்கள் எஞ்சின் எண்ணில் தயாரிப்பாளர் மலைப்பகுதிக்குப் பரிந்துரைக்கும் சிறிய மெயின் ஜெட்டைப் பொருத்தச் சொல்லுங்கள். அதன் பிறகும் முழு 9.9 குதிரைத்திறனை எதிர்பார்க்காதீர்கள்: ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 3 விழுக்காடு என்ற பொதுக் கணக்கில், ஐந்தில் ஒரு பங்கு மலையிலேயே கரைந்துவிடுகிறது. மீதமுள்ள திறன் சரியான சுழற்சியில் வேலை செய்ய, புரொப்பல்லரின் பிட்ச்சை (ஒரு சுற்றில் அது முன்னேறக் கூடிய தூரம்) ஓர் அங்குலமோ இரண்டோ குறைக்க வேண்டும். ஓர் அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுழற்சி வரை கூடும். உதகை ஏரியிலும் பைக்காராவிலும் மோட்டார் படகுகள் ஏறக்குறைய இதே உயரத்தில்தான் நாள்தோறும் ஓடுகின்றன. கழற்றிய பழைய ஜெட்டை எறிந்துவிடாதீர்கள். என்றாவது இந்த எஞ்சின் சமவெளிக்குத் திரும்பினால் அதையே மறுபடி போட வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

நூல் போல வரும் தண்ணீருக்கு மட்டும் மலையைக் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்பட வைத்த வரி அதுதான். எஞ்சினின் அடிப்பாகத்தில் உள்ள ரப்பர் இம்பெல்லர் தண்ணீரை மேலே தள்ளி சிலிண்டரைக் குளிர்விக்கிறது. இதழ்கள் விறைத்தோ முறிந்தோ போனால் நீரோட்டம் மெலியும். இது விலை குறைந்த பொருள், பழைய எஞ்சின் வாங்கினால் கேள்வி கேட்காமல் மாற்ற வேண்டியது. முறிந்த இதழ் ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டைத் தேடி எடுக்க வேண்டும், அது மேலே எங்காவது வழியை அடைத்துக்கொண்டிருக்கும். புது இம்பெல்லர் போட்டும் ஓட்டம் சீராகவில்லை என்றால், அடைப்பு உப்பாலானதாக இருக்கலாம். எஞ்சினின் சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகக் கெட்டிப்பட்ட படிவும், அலுமினியத்தில் அரிப்பும் இருந்தால், ஒவ்வொரு முறை ஓட்டிய பின்னும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாத எஞ்சின் அது, கடலில் உழைத்த எஞ்சின். மூடியின் போல்ட்டுகள் இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள், முறியும். சூடு காட்டிப் பொறுமையாகத் திருப்ப வேண்டும். நீரோட்டம் சரியாகும்வரை எஞ்சினை ஓட்டவே வேண்டாம். சோதிப்பதாக இருந்தாலும் அடிப்பாகத்தை ஒரு டிரம் தண்ணீரில் இறக்கி வைத்தே இயக்குங்கள். வறண்டு ஓடினால் புது இம்பெல்லரும் சில நொடிகளில் கருகிவிடும்.

அதே நாளில் கீழேயுள்ள கியர் ஆயிலையும் சிறிது வடித்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்றிவிடலாம். ஆயிலில் உலோகச் செதில் மின்னினால் பல்சக்கரமே தேய்கிறது, அது பெரிய செலவு. டாங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலையும் வெளியேற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். நம் மலை மூடுபனியில் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு டாங்கின் அடியில் பிரிந்து நிற்கும். கலக்கும் ஆயில் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கென்றே உள்ள டிசி-டபிள்யூ3 வகையாக இருக்கட்டும், 50க்கு 1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி. மோட்டார் சைக்கிள் டூ-டி ஆயில் வேண்டாம்.

இனி பணத்தைப் பற்றி. தனிமனிதர் ஒருவர் தம் பழைய படகை ஒரே ஒருமுறை விற்றதற்கு நுகர்வோர் நீதிமன்றம் பெரும்பாலும் உதவாது. அது வணிகர்களுக்கு எதிரான வழி. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், அத்தகைய விற்பனையில் தரத்தைப் பார்த்து வாங்கும் பொறுப்பைப் பொதுவாக வாங்குபவர் மீதே வைக்கிறது. ஆனால் ‘அணை நீரில் மட்டுமே ஓடியது’ என்பது தரத்தைப் பற்றிய புகழ்ச்சி அல்ல, நடந்ததைப் பற்றிய கூற்று. அதை நம்பி வாங்கியிருந்து அது பொய்யென்று தெரிந்தால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி கேள்வி எழுப்ப இடமுண்டு. எதிர்த்தரப்பு, ‘சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமே’ என்று வாதிடும். காயலில் ஓட்டிப் பார்த்தவர் நீங்கள் என்பதால் அந்த வாதத்துக்கு வலு உண்டு.

எனவே சான்றைத் திரட்டுங்கள். தமிழ்நாட்டில் பதிவான மீன்பிடிப் படகுகளின் உடலில் ‘ஐஎன்டி-டிஎன்’ என்று தொடங்கும் எண் எழுதப்பட்டிருக்கும். புதுப் பெயின்ட்டுக்கு அடியில் அதன் தடம் தெரிகிறதா என்று முன்பக்கத்தின் இரு பக்கங்களையும் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். தெர்மோஸ்டாட் மூடியைத் திறக்கும் முன்பும் திறந்த பின்பும் எஞ்சின் எண் தெரியும்படி படம் எடுத்து, கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டு வையுங்கள். உப்பின் தடம் உறுதியானால், இம்பெல்லர், சீல், உப்புப் படிவை அகற்றும் கூலி ஆகியவற்றின் ரசீதுகளோடு விற்றவருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, அந்தத் தொகையை மட்டும் கேளுங்கள். ஜெட்டுக்கும் புரொப்பல்லருக்கும் ஆன செலவை அதில் சேர்க்காதீர்கள். மலையேற்றத்துக்கான அந்தச் செலவு உங்களுடையது, அதையும் கேட்டால் நியாயமான பகுதியையும் அவர் மறுக்க வழி கிடைத்துவிடும்.