மோரிஸ் மைனர் ஹீட்டருக்குச் செம்பா, அலுமினியமா?

கேள்வி: அப்பா விட்டுப்போன 1962 மோரிஸ் மைனர் கார் இன்னும் ஓடுகிறது. போன மாதத்திலிருந்து இடது கால்மாட்டில் மேட் நனைகிறது, உள்ளே இனிப்பாக ஒரு வாடை, முன்கண்ணாடியில் எண்ணெய் பூசினாற்போல் மங்கல். ஹீட்டர் கோர் (எஞ்சினின் சூட்டுநீர் ஓடி வண்டிக்குள் வெப்பம் தரும் குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது, நம்ம ஊரில் ஹீட்டர் எதற்கு, தண்ணீர் ஹீட்டருக்குப் போகாதபடி ஹோஸைச் சுற்றி மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். எனக்கு மனசு வரவில்லை. அலுமினியத்தில் ஒரு கோர் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: வாங்க வேண்டாம். பழைய கோரைத் தூக்கிப் போடவும் வேண்டாம்.

மெக்கானிக் சொல்வது அவசரத்துக்குச் சரி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே குளிர் இல்லைதான், ஆனால் இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. மழையில் நாலு பேர் உட்கார்ந்து ஜன்னலை ஏற்றிவிட்டால் கண்ணாடியில் ஆவி படியும், ஏசி இல்லாத வண்டியில் அதைப் போக்க ஹீட்டர் காற்றுதான் கைகொடுக்கும். பேச்சிப்பாறை தாண்டி மலை ஏறும்போது எஞ்சின் சூடானால் ஹீட்டரைத் திறந்துவிட்டுப் பாருங்கள், கொஞ்சம் சூட்டை அது வாங்கிக்கொள்ளும்.

முதலில் ஒழுகுவது கோர்தானா என்று உறுதி செய்யுங்கள். இந்த வண்டிகளில் முன்கண்ணாடி ரப்பர் வழியாக மழைநீரும் கால்மாட்டுக்கு வரும். ஆனால் இனிப்பு வாடை என்கிறீர்கள், அப்படியானால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட்தான். விரலில் வழுவழுப்பாக இருக்கும். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், அது விஷம், வீட்டில் நாய், குழந்தை இருந்தால் உடனே துடைத்துவிடுங்கள். ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தாலும் இப்படி ஒழுகும் என்பதால் அதையும் பார்த்துவிட்டே ஹீட்டர் பெட்டியைக் கழற்றுங்கள்.

இனி உலோகம். உங்கள் எஞ்சினில் பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அந்தக் கூட்டத்தில் அலுமினியத்தைச் சேர்த்தால், கூலண்ட் கெட்டுப்போனதும் முதலில் அரிபடுவது அதுதான். ஓட்டை விழுந்தால் நம்ம ரேடியேட்டர் பட்டறைகளில் ஈயம் வைத்து அடைக்கவும் முடியாது. செம்பு கோரில் அது ஒரு மணி நேர வேலை, சூட்டைக் கடத்துவதிலும் செம்புதான் மேல். ஆகவே பழைய கோரின் பித்தளைத் தொட்டி நன்றாக இருந்தால், நடுப்பகுதியை மட்டும் புதுசாகப் போடச் சொல்லுங்கள். தொட்டியும் போயிருந்தால்தான் புதுக் கோர், அப்போதும் செம்பு. உயரம், அகலம், கனம், குழாயின் வெளிவிட்டம் நாலையும் அளந்துகொண்டு போங்கள். கனம் சில மில்லிமீட்டர் குறைந்தால்கூட காற்று கோருக்குள் புகாமல் ஓரமாகப் போய்விடும்.

மாட்டும் முன் தண்ணீரில் அமுக்கிக் காற்று விட்டுச் சோதியுங்கள், ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு மேல் போக வேண்டாம். லீக் அடைக்கும் பவுடர் போடவே போடாதீர்கள், மெல்லிய குழாய்களை அது அடைத்துவிடும். கடலோரக் கிணற்றுத் தண்ணீரும் கூடாது. எத்தனை நல்ல கோர் உப்பால் வீணாகிறது! பிளாக்கிலிருந்து செந்நிறத் தண்ணீர் வருவது நிற்கும்வரை அலசிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

அப்புறம் ஹீட்டர் டேப்பைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு ஹோஸைக் கழற்றி அதை வெளியேற்றுங்கள்.